வாடையில்லாத சட்டை

புருஷன் புதிதாக சென்ட் அடிக்க ஆரம்பித்தால் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வரும். என் புருஷன் அடிப்பதை நிறுத்தினார். எனக்கு அதில்தான் சந்தேகம் வந்தது.

அவர் பெயர் காளிதாஸ். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்னால் மலேசியாவில் எங்கள் கூலாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போய், சாயங்காலம் எல்லைப் பாலத்தில் நின்று நின்று ஊர்ந்து வீடு வந்து சேர்வார். தடித்த ஜாக்கெட், ஹெல்மெட், முன்னாலும் பின்னாலும் லாரிப் புகை. நம் ஊர் வெக்கையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குளித்துவிட்டுத் துவட்டும்போதே முதுகு மறுபடி நனையும். மழை பெய்தாலும் விடிவு இல்லை, தார் ரோட்டிலிருந்து ஆவி கிளம்பி மூஞ்சியில் அடிக்கும். இப்படிப்பட்ட ஊரில், இப்படிப்பட்ட வேலையில் இருக்கிற மனுஷன் அக்குளுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை விட்டுவிட்டார் என்றால் என்ன அர்த்தம்?

அந்த நீலக் குப்பியை நான்தான் மலிவு விற்பனையில் கட்டுக் கட்டாக வாங்கி அடுக்கி வைப்பேன். அவருக்கும் அதுதான், எங்கள் மகள் சாந்தினிக்கும் அதுதான். சாந்தினிக்குப் பதினான்கு வயது. பள்ளி அணிவகுப்புக் குழுவில் இருக்கிறாள், திடலில் கையை வீசி வீசி நடந்துவிட்டு ஊறிப்போய் வருவாள். "நல்லா அடிச்சிட்டுப் போடி, பக்கத்துல நிக்கிறவங்க பாவம்" என்று தினமும் சொல்லித்தான் அனுப்புவேன். அவள் ஒரு பதிலும் சொல்லமாட்டாள். அந்த வயதில் எந்தப் பிள்ளை பதில் சொல்கிறது?

குப்பியின் கனம் குறையவில்லை என்பதைக் கவனித்ததும் நேராகக் கேட்டேன்.

"ஏங்க, ஸ்ப்ரே அடிக்கிறதில்லியா?"

"வேணாம்லா. அது உடம்புக்கு ஆகல. இயற்கையா எதாச்சும் பாப்போம்னு."

இயற்கையாம். காலையில் பாக்கெட் காப்பி, மத்தியானம் பாக்கெட் மீ நூடுல்ஸ், ராத்திரி பொரித்த கோழி. இந்த மனிதருக்குத் திடீரென்று அக்குளில் மட்டும் இயற்கை தேவைப்பட்டது. நான் சரி என்று தலையாட்டிவிட்டு அன்றிலிருந்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

நான் ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் அப்பா சிம்பாங் ரெங்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டினார். நான் சாந்தினி வயதில் இருக்கும்போது ஒருநாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு குளுவாங்கில் ஒருத்தி வீட்டுக்குப் போய்விட்டார். அது தோட்டத்து லயத்தில் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. கங்காணிக்குத் தெரியும், பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும், மளிகைக் கடைக்காரிக்குக்கூடத் தெரியும். கடைசியாகத் தெரிந்தது என் அம்மாவுக்கு. அம்மா அதற்குப் பிறகு கடைக்குப் போகவே கூசினாள், நான்தான் போவேன். புருஷன் போனதைவிட, தான் மட்டும் தெரியாமல் சிரித்துப் பேசிக்கொண்டு திரிந்ததுதான் அவளைத் தின்றது. என் வீட்டில் எது நடந்தாலும் எனக்குத்தான் முதலில் தெரியவேண்டும் என்று அப்போதே மனசில் எழுதி வைத்துக்கொண்டேன். காளிதாஸ் என்னை 'வீட்டுக் கங்காணி' என்று கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும்.

ஆகவே அவருடைய சட்டைகளை மெஷினில் போடுவதற்கு முன்னால் நான் மோந்து பார்ப்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஸ்ப்ரேயை விட்ட முதல் இரண்டு வாரம் சட்டை நாறியது. சும்மா நாற்றம் இல்லை, நனைந்த வெங்காய மூட்டையைக் காருக்குள் பூட்டி வைத்த மாதிரி. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. இந்த வாடையோடு திரிகிறவரை எந்தப் பொம்பளை கிட்டே சேர்க்கப் போகிறாள்? அதற்குப் பிறகு நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் சட்டையை முகத்தில் வைத்து இழுத்தேன், ஒன்றுமே இல்லை. வேர்வையும் இல்லை, சென்ட்டும் இல்லை. நாள் பூரா கிடங்கிலும் பாலத்திலும் வெந்துவிட்டு வருகிற ஆளின் சட்டை, துவைத்து மடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்தது எலுமிச்சம்பழம். சாமி மேடைக்கு என்று வாங்கி வைப்பது குறைந்துகொண்டே வந்தது. குளியலறைக் குப்பைத்தொட்டியைக் கிளறினால் பழைய பேப்பரில் சுருட்டிய அரைப்பழத் தோல்கள். வாளியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு வெற்றிலை. எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. மோட்டார்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூக்குத்தூள் டப்பா அளவில் ஒரு சின்னக் குப்பி, அதில் எண்ணெயும் வெள்ளைப் பொடியும் கலந்து ஏதோ மை மாதிரி, வெக்கையில் உருகிக் கொழகொழவென்று ஓடியது. தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. விரலால் தொட்டவள் உடனே சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஜொகூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எலுமிச்சம்பழக் குளியல் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. மலாய்க்காரர்கள் 'மண்டி லீமாவ்' என்பார்கள். பீடை கழிய, முகத்தில் களை வர, மனசுக்குப் பிடித்த ஆள் திரும்பிப் பார்க்க. நம்மவர்களும் ஒன்றும் குறைச்சல் இல்லை, கேட்டால் மாரியம்மன் கோயில் ஐயர் சொன்னார் என்று சொல்லிவிட்டுச் செய்வார்கள். என் புருஷன் அதைச் செய்கிறார் என்றால், செய்யச் சொன்னது யார்?

நான் வேலை செய்வது செனாயில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். கம்பெனி வேனில் என் பக்கத்து சீட்டு ராசம்மா அக்கா. அவர் கண்ணுக்குத் தப்பி கூலாய் டவுனில் ஒரு பூனை ரோட்டைத் தாண்ட முடியாது.

"உன் வீட்டுக்காரர மீரா சாகிபு கடையில பாத்தேன், ஷாமளா. ரெண்டு தடவ பாத்துட்டேன். அந்த ஜொஹராகிட்ட தாழ்ந்த குரல்ல பேசிக்கிட்டு நின்னாரு. என்னைப் பாத்ததும் பேச்ச நிறுத்திட்டாரு."

மீரா சாகிபு கடை மசாலாவும் நாட்டு மருந்தும் விற்கிற பழைய கடை. சாகிபு படுத்துவிட்ட பிறகு மகள் ஜொஹராதான் நடத்துகிறாள். புருஷனை இழந்தவள், சிவந்த முகம், யாரிடமும் முகம் கொடுத்துச் சிரித்துப் பேசுவாள்.

"வசியம்லா இது" என்றார் ராசம்மா அக்கா. "பழம், வெத்தல, மை. வேற என்னா வேணும் உனக்கு? வெள்ளிக்கிழம சிம்பாங் ரெங்கத்துக்குப் போலாம். சதாசிவம் சாமி குறி பாத்துச் சொல்லிருவாரு."

ஆனால் நான் முதலில் கடைக்குத்தான் போனேன். அடுத்தவள் வாயால் கேட்பதைவிட அவள் மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று. ஜொஹரா கொத்தமல்லி நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. வேலை முடிஞ்சிருச்சா?"

"எங்க வீட்டுக்காரரு இங்க அடிக்கடி வர்றாராமே. என்னா வாங்குறாரு?"

அவள் கை தராசுத் தட்டிலேயே நின்றது. என்னைப் பார்க்காமல் கொத்தமல்லியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அது உங்க வீட்டு விசயம்க்கா. நீங்க அவர்கிட்டயே கேட்டுக்குங்க."

"எங்க வீட்டு விசயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்காதே என்கிறாள். வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். என் புருஷனுக்கு இவள் வாக்குக் கொடுப்பாளாம், நான் சரி என்று கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தராசைத் தூக்கி எறிந்திருப்பேன், பின்னால் ஆட்கள் நின்றார்கள். வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து ஏர்கோனைப் போட்டுக்கொண்டு அழுதேன். அம்மா போக மறுத்த மளிகைக் கடை ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் மூவாரிலிருந்து காளிதாஸின் தங்கை புஷ்பவள்ளி போன் பண்ணினாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டவேண்டும் போல இருந்தது, ஆனால் என்ன இருந்தாலும் அவருடைய தங்கை. வேறு கதை பேசினேன். சாந்தினி தன் பள்ளிச் சட்டையைத் தானே கையால் துவைத்துக்கொள்கிறாள், பொறுப்பு வந்துவிட்டது என்று பெருமையடித்தேன். சனிக்கிழமை மாவட்டப் போட்டி என்றும் சொன்னேன்.

"தீபாவளிக்கு நீங்க சொன்னத நெனச்சு பிள்ளைங்க இன்னும் சிரிக்குதுங்க அண்ணி" என்றாள் புஷ்பா. "அவ திடல்லேருந்து வந்தா வீட்டு நாயே வெளிய ஓடுதுன்னு சொன்னீங்களே."

நானும் சிரித்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த சாந்தினி எழுந்து தன் அறைக்குப் போனாள். அந்த வெக்கையிலும் வீட்டுக்குள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் திரிந்தாள். இப்போதெல்லாம் அதுதான் ஃபேஷன் போல என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் குளியலறையைத் தலைகீழாக்கினேன். சுடுதண்ணீர்ப் பெட்டிக்கு மேலே, சுவரோரம், கை எட்டாத இடத்தில் ஸ்டூல் போட்டு ஏறித் தடவியபோது கிடைத்தது. காளிதாஸின் கைக்குட்டை. பிரித்தால் உள்ளே ஒரு வெள்ளைக் கல், கண்ணாடி மாதிரி, ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பார்த்ததும் தெரிந்தது, படிகாரம். கண்ணேறு படாமல் இருக்கக் கறுப்புக் கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிடுவோமே, அது. வாசலில் இருக்கவேண்டிய கல் குளியலறையில், அதுவும் துணியில் சுற்றி, ஒளித்து. ராசம்மா அக்காவுக்குப் போன் பண்ணினேன். அவர் தயாராகத்தான் இருந்தார்.

சதாசிவம் சாமி கல்லைக் கையில் வாங்கவில்லை. தாம்பாளத்தை நீட்டி அதில் போடச் சொன்னார். என் தலையை மூன்று சுற்றுச் சுற்றிக் கரி அடுப்பில் போட்டார். படிகாரம் நெருப்பில் விழுந்தால் எப்படி என்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் கசியும், அப்புறம் கொதிக்கும், அப்புறம் பொங்கிப் பொரிந்து ஏதோ ஓர் உருவமாக நின்றுவிடும். அந்த உருவத்தைத்தான் சாமி படிப்பார்.

"பொம்பள" என்றார். "குட்டையா இருக்கா. வாயத் தொறந்துகிட்டு இருக்கா பாரு. உன் வீட்டுக்குள்ளயே நடமாடுறா."

ஜொஹரா என்னைவிட ஒரு முழம் உயரம். என் வீட்டு வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. ஆனால் நான் வேலைக்குப் போயிருக்கும்போது வந்திருக்கலாமே என்று தோன்றியது. தோன்றிய உடனே அப்படித்தான் என்று ஆகிவிட்டது. கல்லை முழுக்க எரித்துச் சாம்பலை ஓடுகிற தண்ணீரில் போடச் சொன்னார் சாமி. வருகிற வழியில் ஒரு கால்வாயில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். காளிதாஸுக்கு மீன் குழம்பு வைத்துப் பரிமாறினேன். அவர் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார். வசியக் கட்டு அறுந்துவிட்டது என்று நான் நம்பினேன்.

மறுநாள் காலை பள்ளி வாசலிலிருந்து போட்டிக்குப் போகிற பேருந்து ஏழு மணிக்குக் கிளம்பும். நான் அடுப்படியில் சாந்தினிக்காக ரொட்டியில் முட்டை தோய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. பிறகு ஸ்டூல் இழுபடும் சத்தம், வாளி உருளும் சத்தம்.

"அப்பா" என்று கூப்பிட்டாள் சாந்தினி. "அப்பா, என் கல்லக் காணோம்."

கரண்டி என் கையிலேயே இருந்தது. என் கல் என்றாளே, யாருடைய கல்?

காளிதாஸ் குளியலறை வாசலுக்கு ஓடினார். "மேலதானம்மா இருக்கும். நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்ப்பா. கைக்குட்டையும் இல்ல. நான் போகல. கையத் தோளு வரைக்கும் தூக்கணும்ப்பா. எல்லாரும் பாப்பாங்க. நான் போகமாட்டேன்."

கதவு பாதி திறந்தது. சீருடைச் சட்டையை முன்பக்கம் பொத்தான் போடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை உயர்த்தி ஸ்டூல் மேல் ஏறி மறுபடி தடவியபோது அவள் அக்குள் தெரிந்தது. தோல் கறுத்துத் தடித்திருந்தது, சீழ்க்கட்டி வந்து ஆறின தழும்புகள் இருந்தன. அவளுக்கு ஐந்தாறு வயதாகும் வரை நானே தேய்த்துக் குளிப்பாட்டிய உடம்பு அது. அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

"என்னாடி இது?" என்றேன்.

அவள் கையைக் கீழே இறக்கிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள். காளிதாஸ்தான் சொன்னார்.

"அந்த நீல ஸ்ப்ரே அவளுக்கு ஒத்துக்கல. கட்டி கட்டியா வந்திருச்சு. கிளினிக்ல காட்டினேன், அத நிறுத்தச் சொல்லிட்டாங்க. நிறுத்தினா நாறுது, வகுப்புல பக்கத்துல உக்காரமாட்டேங்குறாங்க. நெட்ல பாத்து நானே சோடா மாவும் தேங்காயெண்ணெயும் கலந்து பாத்தேன். இந்த வெக்கைக்கு அது டப்பாவுலேயே தண்ணியாயிருது, சோடா வேற எரியுது. அப்புறம் ஜொஹராதான் வெத்தலத் தண்ணில குளிக்கச் சொல்லி, கல்லு குடுத்துச்சு. புண்ணு ஆறின பெறகுதான் கல்லு வைக்கணும்னு சொல்லிக் குடுத்துச்சு. இப்பத்தான் கொஞ்ச நாளா வாடை இல்லாம நிம்மதியாப் போய்ட்டு வர்றா."

"எலுமிச்சம்பழம்?"

"அது எனக்கு. புண்ணுல பழம் பட்டா அவ செத்துருவா. நான் ஸ்ப்ரேய விட்டது அவளுக்காகத்தான். விட்ட புதுசுல ரொம்ப நாறும்னு சொன்னாங்க. அவ மட்டும் தனியா நாற வேணாம்னு நானும் விட்டுட்டேன்."

அந்த வெங்காய மூட்டைச் சட்டையை மோந்துவிட்டு நான் நிம்மதியாக இருந்த நாட்கள் கண்ணுக்குள் வந்து நின்றன. அவர் சட்டையை மோந்தேன். பக்கத்துக் கொடியில் காய்ந்த இவள் சட்டையை ஒருநாளும் மோந்து பார்க்கவில்லை. தானே துவைக்கிறாளே, பொறுப்பான பிள்ளை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று சாந்தினியைக் கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, எனக்குத் தாழ்த்தவும் தெரியவில்லை. "அப்பாவுக்குத் தெரியும், கடைக்காரிக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியக் கூடாதா?"

"நீங்க மூவார் அத்தைகிட்ட சொல்லிச் சிரிப்பீங்க" என்றாள். "ஏற்கெனவே சொல்லிச் சிரிச்சீங்க. வாட்ஸ்அப் குரூப்ல அவங்க பிள்ளைங்க எனக்கு நாய் படம்தான் அனுப்புறாங்க."

காளிதாஸ் என்னைப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் நீதான் வீட்டுல இருந்த. கல்ல எடுத்தியா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "எடுத்தேன்."

"எங்க?"

"எரிச்சிட்டேன். சிம்பாங் ரெங்கத்துல, சாமிகிட்ட குடுத்து. வசியம்னு நெனச்சேன். ஜொஹரா உங்களுக்கு..."

அவர் சிரித்திருந்தால் நானும் சிரித்து அதோடு முடிந்திருக்கும். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் இரண்டும் செய்யாமல் ஆணியில் தொங்கிய மோட்டார் ஜாக்கெட் அருகே போய் உள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். இன்னொரு கைக்குட்டை, உள்ளே அதே கல்லின் மறுபாதி. அவருடையது. குழாயில் கழுவி மகளிடம் கொடுத்தார்.

"இந்தா. நேரமாச்சு, கார்ல கொண்டு போய் விடுறேன்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சீருடையைப் பொத்தான் போட்டு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நிமிர்ந்து, முதுகை நேராக வைத்து, என்னைத் தாண்டிப் போனாள். நான் செய்த ரொட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. கார் எங்கள் தாமான் குடியிருப்பு முனையைத் திரும்புகிற வரை நான் வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரம்மா போட்டி இன்றைக்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அம்மாவைப் பற்றி நினைத்தேன். அவளைப் போல ஆகக்கூடாது என்று இத்தனை வருஷம் முழித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் என் வீட்டு விஷயம் கடையில் தெரிந்திருக்கிறது, கிளினிக்கில் தெரிந்திருக்கிறது, வகுப்பில் பக்கத்து நாற்காலிப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அதுவும் யாரும் எனக்குத் துரோகம் பண்ணி மறைக்கவில்லை. என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிள்ளை மறைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு மீரா சாகிபு கடைக்குப் போனேன்.

ஜொஹரா என்னைப் பார்த்ததும் தராசைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"படிகாரம் வேணும்" என்றேன். "நல்ல கல்லா, பெருசா. சாந்தினிக்கு."

அவள் உள்ளே போய் ஒரு கல்லை எடுத்துவந்து, கூரான ஓரங்களைச் சுவரில் தேய்த்து மழுக்கினாள். "குத்திராம இருக்கணும்ல" என்றாள். நனைத்து மெதுவாகத் தேய்க்கவேண்டும், காய்ந்த பிறகுதான் சட்டை போடவேண்டும் என்று சொன்னாள்.

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ஜொஹரா."

"வாக்கு உங்க வீட்டுக்காரருக்குக் குடுக்கலக்கா. பிள்ளைக்குக் குடுத்தேன். இங்க நின்னு அழுதுச்சு."

இங்கே நின்று அழுதிருக்கிறாள். நான் ஆத்திரத்தோடு நின்ற அதே இடத்தில்.

சாயங்காலம் காளிதாஸும் சாந்தினியும் திரும்பி வந்தார்கள். அவள் கழுத்தில் ஒரு பதக்கம். இரண்டாவது இடம் என்று அவர்தான் சொன்னார். பக்கத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை என்றும் அவர்தான் சொன்னார். புதுக் கல்லைப் புதுக் கைக்குட்டையில் சுற்றி, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒளிக்கவேண்டிய அவசியம் இனி இல்லையே.

அவள் குளிக்கப் போனாள். தண்ணீர் சத்தம் வரவில்லை. கதவு திறந்தது. கல்லைக் கைக்குட்டையோடு இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"இது ஏது?"

"ஜொஹரா கடையில வாங்கினேன். உனக்குத்தான்."

அவள் கல்லைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். மோந்துகொண்டே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தாள். நான் காளிதாஸின் சட்டைக்கு மேலாகப் பார்க்கிற பார்வை அது. அதை இதுவரை எதிர்ப்பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

"அந்த சாமிகிட்ட குடுத்தீங்களா? எதாச்சும் மந்திரிச்சீங்களா இத?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அப்புறம் ஏன் புதுக் கைக்குட்டை?"

காளிதாஸ் நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்காக அவர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை. நான் அவளாக இருந்தால் நம்பமாட்டேன்.

"குடு" என்று கல்லை அவளிடமிருந்து வாங்கினேன். குளியலறைக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்தேன். என் புருஷனும் என் மகளும் பார்க்க, நடுக் கூடத்தில் நின்று, ரவிக்கைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டு, கையைத் தூக்கி அக்குளில் தேய்த்தேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. கொஞ்சம் எரிந்தது.

சாந்தினி கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பக்கமும்" என்றாள்.

நான் கல்லைக் கை மாற்றிக்கொண்டு, மறு கையைத் தூக்கினேன்.